இரங்கல் பாட்டில் ஒரு பூவை எங்கே வைப்பது

பர்மாவில், இந்த யாங்கூனில் நம் தமிழ் ஆட்களில் யாராவது தவறிவிட்டால், பத்தாம் நாள் பன்னிரண்டாம் நாள் வாக்கில் எனக்கு வைபரில் ஒரு செய்தி வந்துவிடும். "அக்கா, கருமாதிக்கு நாலு வரி எழுதித் தாங்க, படத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கணும்." நானும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் இறந்தவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் எழுதும் நாலு வரிக்கு இருக்கிற கனம் நான் எழுதுவதற்கு வராது. அதனால் நீங்களே எழுதுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். முழுவதையும் சொல்லப் போவதில்லை. எல்லாரும் தடுமாறுகிற ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது பூ.

என் அப்பா மோல்மேனில் மரக்கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ரோஜாவாய்ச் சிரித்தாய், தாமரையாய் உயர்ந்தாய், மல்லிகையாய் மணந்தாய், இன்று வாடிவிட்டாய் என்று ஒரு பக்கம் எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா கடைசி வரை கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதுல உங்க அப்பா எங்கடி இருக்கார்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அவர் கையால தொட்ட பூன்னா வாசல்ல இருக்கிற செம்பருத்தி ஒண்ணுதான். கிடங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பூ பறிச்சு முருகன் படத்துக்கு வைப்பார்." அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, காலை ஐந்தரை மணிக்குப் பறிக்க ஆள் இல்லாமல் செடியிலேயே நிற்கிற செம்பருத்தியைப் பற்றி ஆறு வரி எழுதினேன். அம்மா அதைக் கேட்டபோதுதான் அழுதார்.

முதல் எழுத்துக்கும் இரண்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. முதலாவதில் பூ என்பது அப்பா. இரண்டாவதில் பூ என்பது அப்பாவை இழந்து நிற்கிற ஒரு ஆள், அம்மா மாதிரி, என்னை மாதிரி. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பூவை இறந்தவராக ஆக்காதீர்கள், இழந்தவராக ஆக்குங்கள்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. தமிழில் இரங்கல் பாட்டுக்குப் பழைய பெயர் கையறுநிலை. 'கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை' என்கிறது தொல்காப்பியம். கழிந்தோர் என்றால் போய்விட்டவர்கள், ஒழிந்தோர் என்றால் மிஞ்சி நிற்பவர்கள். புலம்புவது மிஞ்சி நிற்பவர்கள், கை அற்றுப்போய் நிற்பதும் அவர்கள்தான். இந்தப் பாட்டு அவர்களுடையது, பூவும் அவர்கள் பக்கம்தான் நிற்க வேண்டும். தொல்காப்பியம் இதைக் காஞ்சித் திணையில் வைத்திருக்கிறது, காஞ்சியும் ஒரு பூவின் பெயர்தான், அந்தத் திணையின் பொருள் நிலையாமை.

இதை எழுதிக் காட்டியவர் குடவாயிற் கீரத்தனார், புறநானூறு 242. ஆறே வரி. இரங்கல் எழுத நினைக்கிற யாரும் இதை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்பேன்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

இளைஞர்கள் சூடமாட்டார்கள், வளையல் போட்ட பெண்கள் பறிக்கமாட்டார்கள், யாழின் தண்டால் கொடியை மெல்ல வளைத்துப் பாணன் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள், ஆண்மை தெரிய எதிர்த்தவர்களை வென்ற, வலிமையான வேல் ஏந்திய சாத்தன் இறந்த பிறகு இந்த ஒல்லையூர் நாட்டில் முல்லையே, நீயும் பூத்தாயா? இவ்வளவுதான் பொருள். இப்போது கட்டுமானத்தைப் பாருங்கள். எதைச் சூடவில்லை, எதைக் கொய்யவில்லை என்று முதல் ஐந்து வரியிலும் சொல்லவே இல்லை, பூவின் பெயர் ஆறாவது வரியில்தான் வருகிறது. அதற்குள் வரிசையாக நான்கு 'இல்லை' விழுந்துவிடுகிறது. யாழ்த்தண்டால் கொடியை வளைப்பது என்ற ஒரு சின்னச் செய்கை மட்டும் கொஞ்சம் நீளமாக, மெதுவாக வருகிறது, இனி நடக்கப் போகாத செய்கை என்பதால் அந்த மெதுவே வலிக்கிறது. கடைசியில் பூவிடம் ஒரு கேள்வி. பதில் கிடையாது.

முல்லை ஏன், வேறு பூ ஏன் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். அகப்பாட்டுகளில் முல்லை என்றால் காத்திருப்பது. கார்காலம் வந்துவிட்டது, முல்லை மலர்ந்துவிட்டது, போனவர் திரும்பி வருகிற நேரம் இது என்று தலைவி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பூ வழக்கம்போல வந்து நிற்கிறது, வரவேண்டியவன் வரப்போவதில்லை. கீரத்தனார் இதை விளக்கவே இல்லை. முல்லை என்ற சொல்லுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது, கேட்கிறவர்களுக்குத் தெரியும். நீங்களும் உங்கள் பூவின் பொருளைப் பாட்டுக்குள் விளக்கக் கூடாது. 'தூய்மையின் சின்னமான மல்லிகையே' என்று எழுதினால் அந்த வரி அங்கேயே செத்துவிடும்.

இதே மாதிரி ஔவையார் அதியமானுக்குப் பாடிய புறநானூறு 235-இன் கடைசியில் பகன்றைப் பூ வருகிறது, குளிர்ந்த நீர்த்துறையில் தேனோடு பூத்து, யாரும் சூடாமல் கிடக்கிற பூ. பலர் அதை அதியமானுக்குச் சொன்ன உவமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் மடிகிற மற்ற உயிர்களுக்குச் சொன்னது. அள்ளிக் கொடுத்தவன் போய்விட்டான், சூடாத பூக்கள் மிச்சம் இருக்கின்றன. இங்கேயும் பூ இறந்தவன் இல்லை.

சரி, இனி எழுதும் வேலை.

முதலில் வீட்டு ஆட்களிடம் கேளுங்கள், ஆனால் "அவருக்குப் பிடித்த பூ எது" என்று கேட்காதீர்கள். துக்க வீட்டில் அந்தக் கேள்விக்கு எல்லாரும் ரோஜா என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு யார் பூ வாங்கி வருவார், எந்த முக்கில் வாங்குவார், முழம் போட்டு வாங்குவாரா உதிரியா, சாமிக்கு எது, யார் தலைக்கு வைத்துவிடுவார், வாடின பூவை எங்கே போடுவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் பாட்டு கிடைக்கும். யாங்கூன் சிக்னலில் வண்டி நிற்கும்போது பிள்ளைகள் மல்லிகைச் சரம் கொண்டுவந்து நீட்டுவார்களே, அதைத் தினமும் வாங்கிக் காரின் கண்ணாடியில் மாட்டி வைக்கிற ஒரு டாக்ஸிக்கார மாமாவுக்கு எழுதக் கேட்டிருந்தார்கள். அவர் பழைய சரத்தைத் தூக்கி எறியமாட்டாராம், டிராயரில் போட்டு வைப்பாராம். அவர் மகன் அந்த டிராயரைத் திறந்ததும் காய்ந்து பழுப்பாகிப்போன மல்லிகை வாசம் வந்ததாம். அந்த டிராயரை வைத்து எழுதியதுதான் அவருக்கான பாட்டு, வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பூ கிடைத்ததும் அது எப்போது விரிகிறது, எப்படி விழுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். செம்பருத்தி காலையில் விரிந்து மாலையிலேயே சுருண்டுவிடும். தாமரை அந்தியில் கூம்பும், பிறகு இதழ் இதழாக உதிரும். ஆம்பல் இரவில் விரியும். வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் விடாது. பவளமல்லி இரவில் பூத்து விடியும்போது தானாகத் தரையில் கொட்டிக் கிடக்கும், கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பவர்கள்கூட இந்த ஒரு பூவுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பார்கள். தூக்கத்திலேயே விடியற்காலையில் போய்விட்ட ஒரு பாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. மல்லிகையையும் முல்லையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், இரண்டும் வேறு, முல்லைக்குள் காத்திருப்பு இருக்கிறது, குண்டுமல்லிக்கு அந்தப் பழைய பாரம் இல்லை.

அப்புறம் சொற்கள். பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் ஒரு பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல். போது என்பது விரியப் போகிற நிலை, பொழுதுக்கும் அதே சொல். வீ என்றால் கீழே விழுந்த பூ, வீதல் என்றால் சாதல், ஔவையாரின் பாட்டில் 'ஈயாது வீயும் உயிர்' என்று வருவது இந்த வினைதான். செம்மல் என்றால் வாடிய பூ, பெருமைக்குரியவருக்கும் அதே பெயர். இத்தனை வைத்துக்கொண்டு எல்லாச் சாவுக்கும் 'வாடிவிட்டாய்' என்று எழுதுகிறோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நோயில் கிடந்து போனவருக்குத்தான் வாடுதல். வயது நிறைந்து போனவர் உதிர்கிறார், அதில் பெரிய அநியாயம் எதுவும் இல்லை, அப்படி எழுதுவதே அவருக்கு மரியாதை. விபத்தில் போனவரை எழுதும்போது காம்பு ஒடிந்தது என்றால் போதும். பூவை இறந்தவராக ஆக்காதே என்று சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன், ஏனென்றால் சின்னக் குழந்தை இறந்த வீட்டில் 'எங்க மொட்டு' என்று தாய் அழும்போது அதைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. அங்கே அவள் சொன்ன சொல்லையே எழுதுங்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்கு எழுதும்போது மட்டும் மிகவும் கவனம். 'பூவிழந்தாள் பொட்டிழந்தாள்' என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். ஒப்பாரியில் அவளே சொல்லி அழுவது வேறு, நாம் காகிதத்தில் அச்சடித்து அவள் கையில் கொடுப்பது வேறு. நூற்றுக்கணக்கான தடவை கேட்டுத் தேய்ந்த வரி என்பது ஒரு காரணம், அதைவிட, பூவை எடுத்துவிடு என்று அவளுக்குக் கட்டளை போடுகிற வரி அது. சாத்தனுக்கான பாட்டைத் திரும்பப் பாருங்கள், பூவைச் சூடாதவள் அவன் மனைவி மட்டும் இல்லை, அவளைப் பற்றிப் பேச்சே இல்லை, ஊரில் ஒருவருமே சூடவில்லை. துக்கத்தைப் பங்கு போடுகிறார் புலவர்.

மனைவியின் துக்கத்தையே எழுத வேண்டும் என்றால் ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூறு 248 இருக்கிறது. 'அளிய தாமே சிறுவெள் ஆம்பல்' என்று தொடங்கும். பாவம் இந்தச் சின்ன வெள்ளாம்பல், நாங்கள் சிறு பெண்களாக இருந்தபோது உடுத்துகிற தழையாக இருந்தது, இப்போது கணவன் இறந்தபின் வேளை தவறி உண்கிற புல்லரிசியாகிவிட்டது. ஒரே செடி, இரண்டு காலம். அவ்வளவுதான் உத்தி, ஆனால் ஒரு வாழ்க்கை முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. உங்கள் பாட்டில் கல்யாணத்தன்று வாசலில் கட்டிய வாழையோ, அவர் முதல்முதலாக வாங்கி வந்த பூப்பொட்டலமோ, இன்று வேறு வேலையாக அதே இடத்தில் நிற்கட்டும்.

பர்மாவில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. கருமாதியில் உட்கார்ந்திருக்கிற பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழும், எழுத்து தெரியாது, பக்கத்தில் யாராவது பர்மிய மொழியில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மொழியிலும் வேர் இருக்கிற பூவாக எடுத்தால் பாட்டு அவர்களுக்கும் போய்ச் சேரும். எனக்குத் தெரிந்து அப்படி முதலிடம் பிடௌக் பூவுக்குத்தான். சித்திரை பிறக்கிற அதே நாட்களில், திங்யான் தண்ணீர்த் திருவிழா நேரத்தில், ஒரு மழை பெய்ததும் மரம் முழுவதும் பொன்னாகப் பூத்து, ஒரு நாளில் கொட்டிவிடும். பர்மியப் பெண்கள் அதைத் தலையில் செருகிக்கொண்டு போவார்கள். அந்த மரம் யார் என்று பார்த்தால் நம் வேங்கையின் உடன்பிறப்பு, தாவர நூலில் இரண்டும் ஒரே பேரினம். குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை பூத்தால் தினை கொய்கிற காலம், கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற காலம். அங்கே கல்யாணப் பூ, இங்கே ஒருநாள் பூ. கல்யாணம் ஆகாமல் போய்விட்ட ஒரு பிள்ளைக்கு எழுதும்போது இந்த இரண்டு பொருளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காருகிறது, நாம் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு நான் எழுதியது இது:

திங்யான் ஈரம் காயுமுன்
தெரு நிறைய வேங்கைப் பொன்.
நேற்று இல்லை, நாளை இல்லை.
பெருக்க வந்தவள்
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
நிற்கிறாள், இன்னும் நிற்கிறாள்.

பெருக்க வந்தவள் அவன் அம்மா. அதை நான் எழுதவில்லை. கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எழுதி முடித்த பிறகு அந்தப் பூவோடு பழகினவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சந்தையில் பூக்கட்டி விற்ற ஒரு அத்தைக்கு எழுதினபோது 'நீ கோர்த்த மல்லிகை' என்று எழுதியிருந்தேன். அவரோடு உட்கார்ந்து வியாபாரம் செய்த இன்னொரு அம்மா உடனே திருத்தினார், "கோக்கிறது ஊசியில, அவ நூல்லதான் கட்டுவா, ஊசியைத் தொடவே மாட்டா." ஒரு சொல்தான், ஆனால் அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த வரியில் இருந்தது வேறு யாருடையோ கை. திருத்திய பிறகு அது இப்படி நின்றது:

விடியுமுன் நூலெடுத்து
விரல் நனைய நீ கட்டியது
யார் யார் தலையிலோ.
உன் தலைக்கென்று ஒரு முழம்
நீ எடுத்து வைத்ததில்லை.
கூடை கவிழ்ந்த மூலையில்
இன்றும் வந்து இறங்குகிறது மல்லிகை,
விரல் தேடி.

வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு எங்கே முட்டுகிறது என்று கவனியுங்கள். பூவின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் கிடைக்க வேண்டும், அதனால்தான் கீரத்தனார் செய்த மாதிரி அதைப் பாட்டின் முடிவை ஒட்டித் தள்ளி வைக்கச் சொல்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு பூ போதும். இரண்டாவது பூ வந்தால் முதல் பூ அலங்காரமாகிவிடும்.

பூவே இல்லாத சாவும் உண்டு, அதற்கும் எழுத வேண்டி வரும். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில், அதாவது இதே யாங்கூனில், ஜப்பான்காரன் குண்டு விழுந்ததற்கு அப்புறம், 1942-இல் லட்சக்கணக்கான நம் ஆட்கள் எல்லையோர ஊரான தமு வழியாகவும் மற்ற காட்டுப் பாதைகளிலும் நடந்தே இந்தியா பக்கம் போனார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே காலரா, மலேரியா, பசி என்று இறந்தார்கள். எங்கள் ஆத்தாவின் தங்கையும் அதில் ஒருத்தி, பதினோரு வயதாம். பாதிக்கு மேல் போக முடியாமல் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அவளுக்கு மாலையும் இல்லை, குழியும் சரியாக இல்லை. இப்படி ஒரு சாவுக்கு எழுத உட்கார்ந்தால், அவளைப் புதைத்த இடத்தில் காட்டுப்பூ ஒன்று பூத்திருக்கும் என்று முடிக்கக் கை துடிக்கும். செய்யாதீர்கள். நாம் பார்க்காத பூ அது, நம் மனசு ஆறுவதற்காக நாமே நட்டது.

பூ இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், பிறகு அந்த இல்லாமை உயிரோடு இருந்தவர்களின் கையில் என்ன செய்தது என்று தேடுங்கள். எனக்கு அது பல வருடம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. ஆத்தா பூக்கட்ட உட்கார்ந்தால் முதல் நாலு மல்லிகையை எப்போதும் கட்டமாட்டார், எடுத்து விளக்கடியில் வைத்துவிட்டுத்தான் நூலை எடுப்பார். சாமிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாமிக்குத் தனியாகச் சரம் போடுவார் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவர் போன பிறகு அம்மாதான் சொன்னார், அது தங்கச்சிக்கு என்று.

மாலை இல்லை, நார் இல்லை என்று தொடங்கி, அந்தக் கட்டாத நாலு பூவில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் பெயரை எழுதவில்லை, ஆத்தா ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.